தரங்கம்பாடியின் பழைய வரைபடங்களில் முன்னோர் மனையைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் எங்கள் முன்னோர் குடியிருந்த தெரு எது, மனை எது என்று தேடும் எங்களுக்குக் கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைபடத்தில் கோடும் எண்ணும்தான் இருக்கும். அந்த எண்ணுக்குரிய ஆளைக் கண்டுபிடிக்க நீங்கள் சொல்லித் தந்ததை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்துத் தேட வருகிறவர்களுக்கும் உதவட்டும்.

முதல் நன்றி பத்திர எழுத்தர்களுக்கு. பழைய கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது மனையின் நான்கு எல்லை விவரத்தை, படிக்கத் தெரியாமல் வரைபடத்தை விரித்துப் பயனில்லை. ‘இன்னார் மனைக்குக் கிழக்கு, வீதிக்கு மேற்கு, சந்துக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால், இன்னார் மனை நம் மனைக்கு மேற்கே இருக்கிறது, வீதி கிழக்கே போகிறது என்று பொருள். இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் வீதியின் எதிர்ச்சாரிக்குப் போய், யாரோ ஒரு குடும்பத்தை நம் குடும்பமாக நினைத்துத் துரத்திக்கொண்டிருப்போம். எல்லையில் வரும் பேர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளச் சொன்னதும் நீங்கள்தான். சொந்தப் பத்திரம் தொலைந்த குடும்பங்களுக்கு அண்டை வீட்டுப் பத்திரமே சாட்சி. அதன் செக்குபந்தியில் நம் பாட்டனார் பேர் இருக்கும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்கள் புலப்படத்தை (சர்வே எண்ணுக்குரிய நில அளவை வரைபடம்) படிக்கக் கற்றுத் தந்தார்கள். பழைய புலப்படத்து அளவுகள் சங்கிலிக் கணக்கில் இருக்கும்: 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அது 66 அடி. 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். லிங்க்ஸை அடி என்று எடுத்துக்கொண்டால் மனை ஒன்றரை மடங்கு நீண்டு பக்கத்து வீட்டை விழுங்கிவிடும். பின்னால் வந்த படங்கள் மீட்டரில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிடுமுன் எந்த அளவில் போட்ட படம் என்று பார்த்துவிட வேண்டும்.

வருவாய்த் துறையில் இருந்து உதவியவர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய ‘அ’ பதிவேட்டில் எண்ணுக்கு நேராகப் பேரைப் பார்க்கலாம். ஆனால் தாத்தா பத்திரத்தில் இருப்பது பழைய எண். சில பத்திரங்களில் அதற்கும் முந்தைய பைமாஷ் (பழைய நில அளவை) எண். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். பதிவேட்டில் ஆண்டு பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) இருக்கும், 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. இந்த ஊர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. ஆவணம் கேட்டு எழுதும்போது அந்தந்தக் காலத்து மாவட்டப் பேரைப் போட வேண்டும் என்று சொன்னதால் வீண் அலைச்சல் எவ்வளவோ குறைந்தது.

நத்தம், அதாவது ஊரின் குடியிருப்பு நிலம்தான் பலரையும் மனம் சோர வைப்பது. சுற்று ஊர்களில் குடியிருப்பு முழுவதும் கிராம நத்தம் என்று ஒரே எண்ணுக்குள் கிடக்கும். பழைய புலப்படத்தில் உள்ளே வீடு வீடாகக் கோடு இருக்காது. ‘எங்கள் வீடு படத்திலேயே இல்லை’ என்று யாரும் கைவிட வேண்டாம். அங்கே தெருப்பேரையும் செக்குபந்தியையும் வைத்துத்தான் நெருங்க முடியும். எந்தச் சந்துக்கு முன்பு என்ன பேர் என்று வாசலில் உட்கார்ந்து சொன்ன பெரியவர்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

கோட்டைச் சுவருக்குள் இருந்த நகரத்துக்கு அதைவிடப் பழைய படமே உண்டு. 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. ட்ரெல்லுண்ட் என்பவர் வரைந்த 1733-ஆம் ஆண்டு நகரப் படம் அந்தக் காலத்தது. அக்கால டேனிஷ் கையெழுத்தை எங்களுக்காக எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்கும், படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திய இளைஞர்களுக்கும் நன்றி. பொருத்துப் புள்ளிகளாக, அதாவது இரண்டு படத்திலும் மாறாத இடங்களாக, டான்ஸ்போர்க் கோட்டையின் மூலைகளையும் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தையும் வைத்தீர்கள். நகர வாயிலைத் தொடவில்லை, இப்போது நிற்பது 1792-ல் கட்டியது என்பதால். மூன்று புள்ளி போதும் என்று மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் எட்டுப் பத்துப் புள்ளிகளாவது நான்கு மூலைக்கும் பரவியிருந்தால்தான் பிழை எங்கே என்று தெரியும். கடலோரப் பகுதியில் படம் பொருந்தாவிட்டால் படத்தை இழுத்து நீட்டக் கூடாது. அங்கே கடல் கரையை அரித்திருக்கிறது, மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியே போய்விட்டது.

சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதித்த ஆலயத்தாருக்கும் நன்றி. பத்திரத்தில் வீட்டுப் பேரும் பதிவேட்டில் ஞானப்பேருமாக இரண்டு ஆள்போல் தோன்றியவர் ஒருவரே என்று தகப்பன் பேரை வைத்து உறுதிசெய்ய முடிந்தது.

நம்பிக்கையோடு பத்திரங்களைப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்த குடும்பத்தாருக்கு எப்படி நன்றி சொல்வது! ஒரு வேண்டுகோள் மட்டும். மடிப்புக் கிழிந்த பத்திரத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரைத்தாள் வாங்கியவர் பேரும் ஊரும் தேதியும், சார்பதிவாளர் முன் அடையாளம் காட்டியவரின் பேரும் தகப்பன் பேரும், கைநாட்டும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தரங்கம்பாடி வட்டாரத்தில் குடும்ப வரலாறு தேடுவோர்