குவெட்லின்பர்க்கில் ஒரு சனிக்கிழமை

அன்புள்ள தேன்மொழி,

நல்லபடியாக ஊர் வந்து பத்து நாள் ஆகிறது. போனில் சொன்னால் "சரிம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு டியூட்டி இருந்த அந்தச் சனிக்கிழமை, குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, ஜெர்மனியில் நீ இருக்கும் மாக்டெபர்கிலிருந்து ரயிலேறி குவெட்லின்பர்க் போனேன் அல்லவா? திரும்பி வந்ததும் "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டாய். "அழகான ஊர்" என்றேன். நீ களைத்துப் போயிருந்தாய், அதற்கு மேல் பேச மனம் வரவில்லை.

ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் அங்கே இருக்கின்றன. மரச்சட்டம் கட்டி, நடுவே வைக்கோல் கலந்த களிமண் அப்பிய சுவர்கள். பாட்டி வீட்டு மண்சுவர் நினைவுக்கு வந்து ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வாசல் உத்திரத்தில் கட்டிய வருடத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சில வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கருங்கல் பாவிய தெருவில் என் முழங்கால் வலித்தது, ஆனாலும் நடந்தேன்.

மலைக்கோட்டைத் தேவாலயத்தில்தான் அரசர் முதலாம் ஹைன்ரிஷை அடக்கம் செய்திருக்கிறார்கள். 936இல் அவர் இறந்ததும் மனைவி மத்தில்டே அங்கே பெண்களுக்கான மடம் ஒன்றை ஆரம்பித்தார். அதன்பின் 850 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மடத்தை நடத்தியவர்கள் பெண்கள்தான். ஹைன்ரிஷ் மனைவியின் பேத்தியும் அங்கே மடத்தலைவியாக இருந்தார், அவருக்கும் மத்தில்டே என்றுதான் பெயர். பேரரசர் மூன்றாம் ஒட்டோ இத்தாலிக்குப் போனபோது ராஜ்யத்தையே இந்தப் பேத்தியின் பொறுப்பில் விட்டுப் போனாராம். 1945இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவர் இந்தத் தேவாலயத்தின் பொக்கிஷங்களைத் திருடித் தபாலில் டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அவை மீண்டு வந்தன. கண்ணாடிக்குள் பார்த்தேன், தங்க அட்டை போட்ட சுவிசேஷப் புத்தகம்!

ஆனால் நான் எழுத வந்தது இதையெல்லாம் பற்றி அல்ல. டொரோதேயா எர்க்ஸ்லேபன் என்ற பெண்ணைப் பற்றி. 1715இல் அந்த ஊரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததை மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லாத காலம். 1741இல் பிரஷ்ய அரசர் பிரெட்ரிக் அனுமதி தந்தார், ஹாலே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று. அடுத்த வருடமே கல்யாணம். கணவர் மனைவியை இழந்த போதகர், அவருக்கு ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். பிறகு இவருக்கும் நான்கு பிள்ளைகள் பிறந்தன. பட்டம் தள்ளிக்கொண்டே போனது. ஆனால் வைத்தியத்தை விடவில்லை.

அப்புறம் ஊர் டாக்டர்கள் மூன்று பேர், பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கிறாள் என்று புகார் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் ஆய்வேட்டை எழுதி முடித்தார். நோயாளிக்கு இதமாக இருக்கட்டும் என்று அவசரமாகக் குணப்படுத்தப் போனால் நோய் சரியாகத் தீராது என்பதுதான் அதன் பொருள். 1754இல் லத்தீனில் தேர்வு, ஜெயித்துவிட்டார். ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். அப்போது அவருக்கு வயது 38. நாடு முழுவதும் பெண்கள் மருத்துவத் தேர்வு எழுத வழி திறந்தது 1899இல்தான் என்றால் யோசித்துப் பார்.

ஸ்டைன்வெக் தெருவில் அவர் பிறந்த வீட்டுக்கு எதிரே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். முந்தின வாரம் சமையலறையில் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே நீ சொன்னாய்: "எனக்கு முப்பத்தாறு ஆயிடுச்சும்மா. அப்ரோபேஷன் பரீட்சையெல்லாம் இனி எதுக்கு? உதவியாளர் வேலையே போதும்." அப்ரோபேஷன் என்றால் அங்கே டாக்டராக வேலை பார்க்கத் தரும் உரிமம் என்று நீதானே சொன்னாய்? அன்று எனக்குப் பதில் வரவில்லை. உன் வயதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, கண்ணு. இங்கே நம் ஊரில் டாக்டராக ஐந்து வருடம் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாய்! அந்தக் கை உன்னுடையதுதானே?

மருத்துவ ஜெர்மன் தேர்வை ஏற்கெனவே முடித்துவிட்டாய். மீதி இருப்பது அந்த ஒரு பரீட்சைதான். தேதி வாங்கினதும் எனக்குச் சொல். அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே வந்துவிடுகிறேன். குழந்தையும் சமையலும் என் பொறுப்பு, நீ கதவைச் சாத்திக்கொண்டு படி. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று மாப்பிள்ளையை எழுதி அனுப்பச் சொல்.

அன்புடன்,
அம்மா