கொலை வழக்கு முடியும் வரை இழப்பீடு காத்திருக்க வேண்டியதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் ஒரு காவலாளி கொல்லப்பட்டார். அந்த வழக்கைப் பற்றி இன்றும் கோத்தகிரி டீக்கடைகளில் பேசுகிறோம். ஆனால் வேலையில் இருக்கும்போது ஒருவர் கொல்லப்பட்டால் அவர் வீட்டுக்குச் சட்டப்படி என்ன சேர வேண்டும் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்து லைன் வீட்டுக்காரர் ஓர் எஸ்டேட்டில் இரவுக் காவல் பார்த்தவர். வயது 50, மாதச் சம்பளம் 12,000 ரூபாய். சில்வர் ஓக் மரம் திருட வந்தவர்களைத் தடுக்கப் போய் அடிபட்டு இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே அவர் மனைவி கையில் 25,000 ரூபாயைக் கொடுத்து, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். "கேஸ் முடியட்டும், மத்ததை அப்புறம் பாக்கலாம்னாங்க அண்ணா" என்று அந்தம்மா என்னிடம் வந்தபோது ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. இழப்பீடு கேட்க உள்ள கெடுவே இரண்டு வருடம்தான்.

1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் சரி, அதை உள்ளடக்கிய 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சரி, கொலையாளி பிடிபட வேண்டும் என்று கேட்கவில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்ததா என்றுதான் பார்க்கும். ஆட்டோவைப் பறிக்க வந்தவர்கள் ஓட்டுநரைக் கொன்ற வழக்கில், அதுவும் விபத்துதான் என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது மோட்டார் வாகனச் சட்ட வழக்கு என்றாலும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை வைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் பாதி 6,000. சட்டத்தின் அட்டவணையில் வயது 50-க்கான பெருக்கல் எண் 153.09. ஆக 9,18,540 ரூபாய், ஈமச்செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. இந்தப் பணத்தை முதலாளி தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டில் வந்து கொடுத்த 25,000 வெறும் முன்பணம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய அந்தத் தாளும் செல்லாது. இது தெரியாமல் அதைப் பார்த்துப் பார்த்தே அந்தம்மா பயந்துகொண்டிருந்தார்.

இந்த உரிமையை வேலைக்குச் சேரும்போதே, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் முதலாளி எழுத்தில் தர வேண்டும் என்று 2017-இல் திருத்தமே வந்தது. என் கண்ணில் அப்படி ஒரு தாள் பட்டதில்லை. தொழிலாளர் துறை ஒவ்வொரு எஸ்டேட்டிலும் மஸ்டர் (வருகைப் பதிவு) போடும் இடத்தில் இதைத் தமிழில் எழுதி ஒட்ட வைக்க வேண்டும். வேலையிடத்தில் கொலை என்று வழக்குப் பதியும் காவல் நிலையமும், மனு எங்கே கொடுப்பது என்று அந்த வீட்டுக்கு அன்றே சொல்ல வேண்டும்.

அந்தம்மாவின் மனுவைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டோம். கணவரின் டார்ச் லைட்டை இன்னும் கதவோரம் ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறார். விசாரணைக்குக் கூப்பிடும்போது நானும் உடன் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை எழுத்தர்,
கோத்தகிரி