நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒரு துப்பறிவாளர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த துப்பறியும் நாவல்கள் பற்றிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஆவலோடு படித்தேன். ஷெர்லாக் ஹோம்ஸ், அகதா கிறிஸ்டி, நம் தரப்பில் தமிழ்வாணனின் சங்கர்லால் என்று எல்லாம் பழைய பெயர்கள். அவர்கள் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ரத்தத்தைக் குறைத்து ஊரையும் மனிதர்களையும் கூட்டி எழுதும் தொடர்கள், அதிலும் பழைய காலத்தில் நடப்பவை, அண்மை ஆண்டுகளில் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

புதிய எழுத்தாளரைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: போலீஸ்காரர் நுழைய முடியாத இடத்துக்குள் இவருடைய துப்பறிவாளரால் நுழைய முடியுமா? சுஜாதா மாஸி படைத்த பெர்வீன் மிஸ்திரி 1921-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பெண் வழக்கறிஞர். பெண்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வாழும் கோஷா வீட்டில் மூன்று விதவைகள். மூவரும் தங்களுக்குச் சேர வேண்டிய சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுப்பதாகக் காகிதம் வருகிறது. ஒருத்தி கையெழுத்துக்குப் பதில் வெறும் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். ஆண் வக்கீலுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. பெர்வீன் உள்ளே போகிறாள். காகிதத்தில் உள்ளதைத் தெரிந்துதான் சம்மதித்தார்களா என்று விசாரிக்கிறாள். அந்தப் பெருக்கல் குறியைத் தாண்டி என்னால் எளிதில் படிக்க முடியவில்லை. கரும்புத் தோட்ட வேலைக்குக் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் வம்சம் அல்லவா நாங்கள்!

அதே 1921-இல் பெங்களூரில் கணக்கில் ஆர்வம் கொண்ட காவேரியை உலவவிடுகிறார் ஹரிணி நாகேந்திரா. அடிப்படையில் இவர் சூழலியல் அறிஞர். மரமும் ஏரியும் கதையில் சும்மா வருவதில்லை. ஓவிடியா யூவின் சூ லின் 1936-ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பெண், போலியோவால் கால் ஊனமானவள். துரை வீட்டில் வேலைக்கு நிற்கும் அவளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதனாலேயே எல்லாம் அவள் கண்ணில் படுகிறது.

எங்கள் நாட்டுக்கே வருகிறேன். சாலி ஆண்ட்ரூவின் டானி மரியா, இங்குள்ள 'க்ளெயின் கரூ' என்ற வட்டாரத்தின் பத்திரிகையில் சமையல் குறிப்பும் வாசகர்களுக்கு ஆலோசனையும் எழுதுபவள். கணவனிடம் அடிவாங்கும் ஒரு பெண்ணின் கடிதத்திலிருந்து கொலைக்கதை தொடங்குகிறது. மல்லா நன்னின் தொடர் மென்மையானதல்ல, இளகிய மனத்தவர்கள் யோசித்துத் தொடங்கலாம். ஆனால் அதன் இரண்டாம் நூல் 1953-ஆம் ஆண்டின் டர்பன் துறைமுகத்தில் நடக்கிறது. நிறவெறிச் சட்டங்கள் ஒரு கொலை விசாரணையை எப்படியெல்லாம் நெரித்தன என்பதற்கு அதைப் படிக்க வேண்டும். எந்தத் தொடரானாலும் முதல் நூலிலிருந்து தொடங்குவதே நல்லது. இங்கே புத்தகத்துக்கும் 15 சதவீத வரி உண்டு என்பதால், எங்களுக்கு நூலகமே கதி.

இப்போது என் கோரிக்கை. 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்ததில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தார்கள். பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது. உள்ளே துரையும், கங்காணியான சர்தாரும் வைத்ததே சட்டம். அங்கே ஒரு சாவு நடந்தால் உண்மையைத் தேடிப் போகக்கூடியவர் யார்? கூலி தமிழில் சொன்னதை மாஜிஸ்திரேட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அல்லது கூலிகள் குடியிருக்கும் லயங்களில் லயத்துக்கு லயம் அழைக்கப்படும் மருத்துவச்சி. 1894-இல் முன்பல் இரண்டும் உடைந்து ரத்தம் ஒழுக ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம் காந்தியிடம் வந்து நின்றபோது, அவர் கதையைக் காந்திக்கு எடுத்துச் சொன்னது ஒரு தமிழ் குமாஸ்தாதான். தமிழின் முதல் துப்பறியும் நாவலாகச் சொல்லப்படும் நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

டர்பன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை அவற்றில் எழுதியிருக்கிறார்கள். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நேட்டாலைக் களமாகக் கொண்ட தமிழ்த் துப்பறியும் தொடர் ஒன்றுக்குத் தங்கள் பத்திரிகை அழைப்பு விடுக்க வேண்டும். எழுத முன்வருபவருக்குப் பதிவேட்டுப் பக்கங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.