விடிய விடிய ஆட யார் காசு கொடுக்கிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ எடுக்கப்போகும் தெருக்கூத்துப் படத்தின் முன்னுரையைப் படித்தேன். 'ரசனை செத்துவிட்டது, அதனால் கூத்தும் சாகிறது' என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டிவிட்டாய். அக்காவுக்கு அதில் உடன்பாடு இல்லை. போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

ரசனையை விடு. காசு எங்கிருந்து வருகிறது என்று பார். செய்யாறு, ஆரணி, ஆற்காடு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடப்பது பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடிக்குள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று போய், போர் முடியும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் அடி விழும், சாயங்காலம் தீமிதி. ஏன் இந்த மாதங்கள்? அறுப்பு முடிந்து வீட்டில் நெல் இருக்கும், பெருமழை இருக்காது, விடிந்ததும் ஏர் பூட்டும் அவசரம் கிடையாது. விடிய விடிய உட்கார முடிந்தவர்கள் இருந்ததால் விடிய விடிய ஆடினார்கள். எட்டு மணி நேரம் ஆடியே தீர வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

அப்போது ஆடியவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் எழுது. ஊருக்குத் துணி வெளுத்த, முடி திருத்திய குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் வேஷம் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்க் கூத்து இன்ன குடும்பத்தின் மிராசு, அதாவது பரம்பரை உரிமை; வேறு ஜமா, வேறு கூத்துக் குழு, உள்ளே வர முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இந்த வருஷம் வர முடியாது' என்று சொல்ல அந்தக் குடும்பத்துக்கும் வழி இல்லை. கூலி என்பது களத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் பார்த்து அளந்த நெல். ராத்திரி முழுக்கக் கிரீடமும் புஜகீர்த்தியுமாகக் கொலுவில் அதட்டிய துரியோதனன், காலையில் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அதே ஊர் வாசல்களில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றிருப்பார். இன்றைக்கு ஜமாவை நடத்தும் சபாக்காரர் தாம்பூலம் மாற்றி, தேதி குறித்து, முன்பணம் வாங்கி, ரேட் பேசுகிறார். இதைத்தான் நீ 'வணிகமயமாதல்' என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறாய். எனக்கு வருத்தம் வரவில்லை.

சரி, மாறியது என்ன? இங்கே பெண்கள் பாதிப் பேர் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். விடிகாலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் பெண்கள் பக்கம் பாய்கள் காலியாவது பாஞ்சாலி அழுகை பிடிக்காமல் அல்ல. கூத்து வாத்தியாருக்கும் இது தெரியும்; முக்கியமான கட்டத்தை முன்னாலேயே கொண்டுவந்துவிடுகிறார். கூட்டம் சேரும் நாடகம் சனிக்கிழமை வருகிற மாதிரி விழாக் கமிட்டி பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒன்று, பாரதம் நடக்கும் பத்தொன்பது நாள் இருபது நாள் செலவுக்கு ஊர் வரி கட்டுவதும் இதே கம்பெனிச் சம்பளம்தான். தூக்கத்தைப் பறிக்கும் வேலையே கூத்துக்கும் பணம் போடுகிறது. உன் படத்தில் இது வர வேண்டாமா?

நகரத்துக் காசு வேறு மாதிரி வேலை செய்தது. செய்யாறு பக்கத்துப் புரிசை ஊரின் தம்பிரான் குடும்பத்துக் கூத்தைப் பார்த்து வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசைக்கு வெளியூர் மேடைகளும் மரியாதையும் கிடைத்தன. அந்த மேடைகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். 2007-ல் வந்த சென்னை சங்கமம் மாதிரி விழாக்களில் அதுவும் கிடையாது. சுருக்கினால் முதலில் போவது கட்டியங்காரன் பேச்சு, அதாவது கதையை நடத்திக்கொண்டே கிண்டலும் பண்ணும் கோமாளியின் பேச்சு. உள்ளூர்ப் பிரசிடென்டை ராஜசபையில் வைத்துக் கிண்டல் பண்ணுவதை மெட்ராஸ்காரனிடம் எப்படி விளக்குவது?

வெளிக்காசு நல்லதும் செய்திருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் கூத்துக் கலைஞர்களின் கட்டைக்கூத்து சங்கம் (கட்டைக்கூத்து என்பது இந்தக் கூத்துக்கே இன்னொரு பெயர்) 2002-ல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டிப் பழகினார்கள். ஊர் வரியை மட்டும் நம்பியிருந்தால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, 2020 பொதுமுடக்கம் சரியாகப் பங்குனியில் வந்து விழுந்தது. சீசன் மொத்தமும் போச்சு, அடுத்த வருஷம் இரண்டாம் அலை. வருஷச் சாப்பாட்டை இந்த நாலைந்து மாதத்தில் சம்பாதிப்பவர்களுக்கு அது என்ன அடி என்று யோசி. மற்ற மாதங்களில் கைகொடுப்பது காரியத்துக்கு முதல்நாள் ராத்திரி கர்ண மோட்சம் வைக்கும் வீடுகள்தான். பெரியப்பா காரியத்துக்கு வைத்தோமே, நீ பரீட்சை என்று வரவில்லை.

ஆகவே ரசனை பற்றிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, கேமராவோடு கமிட்டிக்காரர் வரி நோட்டையும் சபாக்காரர் தாம்பூலப் பேச்சையும் எடு. ஜமாவில் அனுமதி கேட்டு, அவர்கள் ராத்திரிக் கூலியையும் உன் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்; சும்மா எடுத்துக்கொண்டு போகாதே. அப்புறம், உனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து உன் பெயரும் ஊர் வரி கட்டும் குடும்பங்களின் தலைக்கட்டுக் கணக்கில் இருக்கிறது. போன வருஷத்து பாக்கியையும் சேர்த்து ஜிபேயில் போட்டுவிடு, கமிட்டிக்காரர் என்னைத்தான் கேட்கிறார்.

அன்புடன்,
அக்கா