மெய்யியல் வகுப்பில் மாணவர் வாதிட வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள்

செட்டிநாட்டுக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் மெய்யியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். ஆய்வோடு சேர்த்து இளங்கலை மாணவர்களுக்கு மெய்யியல் அறிமுகத் தாளும் நடத்துகிறேன். வணிகவியல், இயற்பியல், கணினி அறிவியல் என்று பல துறைப் பிள்ளைகள் இதை விருப்பப் பாடமாக எடுத்து வருகிறார்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பதினைந்து பேருக்கு மிகாத குழுவாக அவர்கள் உட்கார்ந்து வாதிட, கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வாதத்துக்கு மதிப்பெண்ணும் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதை ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன். தீசியஸின் கப்பல் என்று ஒரு பழைய புதிர் உண்டு. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்தது. கிரேக்கப் புராண வீரன் தீசியஸ் வந்த கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்தார்கள். மக்கிப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை பொருத்திக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகும் அது அதே கப்பல்தானா? 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் இதில் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

நோட்ஸில் இது ஐந்து வரி. வாசித்தால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் கப்பலை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்டேன். பெரிய வீட்டைப் பிரிப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. பர்மா தேக்குத் தூண்கள் ஒரு பக்கம் போகும், நிலைக்கதவு காரைக்குடி பழம்பொருள் கடைக்கு வரும், மிச்சம் லாரியில் ஏறும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோன வீட்டை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். சரி, அந்த வீடு இப்போது எங்கே இருக்கிறது? அங்கேயா, இங்கே காலி மனையிலா?

தச்சு வேலை பார்ப்பவரின் மகன் முதலில் எழுந்தான். "மரம் எங்கே போச்சோ அங்கேதான் மேடம் வீடு. மனையில என்ன இருக்கு?" ஒரு நகரத்தார் வீட்டுப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு நடத்துகிற இடம்தான் வீடு, தூண் போனாலும் அந்த மனையில் நின்றுதான் கும்பிடுவோம் என்றாள். "அப்போ மனையையும் வித்துட்டா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். வணிகவியல் மாணவி ஒருத்தி, பத்திரத்தில் சர்வே எண் மாறாதே, சட்டப்படி எது வீடு என்று கேட்டாள். பொருள், பயன், சட்டம் என்று ஒன்றுக்கொன்று இடிக்கும் அளவுகோல்களை நான் சொல்லாமலேயே அவர்கள் பிரித்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் மறுக்கும்போது, மறுக்கப்படுவது என்ன என்பதைத் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொண்டார்கள். மெய்யியல் கற்பது என்று நான் நம்புவது இதைத்தான்.

மணி அடித்தது. மறுநாள் அடுத்த அலகைத் தொடங்க வேண்டியிருந்தது. அறுபது பேர் வகுப்பு, ஐந்து அலகு, வேறு வழியில்லை. பருவத் தேர்வில் வரும் கேள்வி, 'தீசியஸின் கப்பல்: குறிப்பு வரைக' என்பதுதான். விடைக்குறிப்பில் யார் சொன்னது, என்ன சொன்னார் என்பதற்கு மதிப்பெண் இருக்கும். அந்தப் பெண் சொன்ன மறுப்புக்கு அதில் இடமே கிடையாது. பிள்ளைகள் விவரமானவர்கள், எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் படிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை வெளிநாட்டு முறை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். காரைக்குடியை ஒட்டிய கோவிலூர் மடாலயம் தமிழிலேயே வேதாந்தப் பாடம் சொன்ன இடம். அந்த மரபில் பாடம் கேட்கும் வேதாந்த நூலான கைவல்ய நவநீதத்தில் இரண்டு படலங்கள். முதலாவது தத்துவ விளக்கம். இரண்டாவது முழுக்க மாணவனின் சந்தேகங்களும் அவற்றுக்கு ஆசிரியர் சொல்லும் விடைகளும். மாணவன் கேட்பதற்கென்றே ஒரு படலத்தை ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். திருப்பத்தூர்ப் பக்கம் மகிபாலன்பட்டியைக் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்கிறோம். 'யாதும் ஊரே' நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே பாட்டு, ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகிறது, அதனால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம் என்கிறது. அப்படியானால் தப்புச் செய்தவனைக் குற்றம் சொல்லலாமா, கூடாதா? ஒரு மணி நேரம் அதற்கே போதாது.

அடுத்து, எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்கள் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள், எந்தத் துறையானாலும் ஆய்வாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்கின்றன. டுடோரியல், ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரம் 4 முதல் 6 மணி நேரம் வேலை கொடுக்கலாம் என்றும் சொல்கின்றன. நான் கண்டது வேறு. முழுத் தாளையும் கையில் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பயிற்சி இல்லை. வினாத்தாள் அமைப்பதில் பங்கும் இல்லை. வாய் திறக்காத மாணவியை எப்படிப் பேச வைப்பது, குதர்க்கத்தையும் நல்ல மறுப்பையும் எப்படிப் பிரித்தறிவது, விடைத்தாளில் ஒரு வாதத்தை எப்படி மதிப்பிடுவது என்பதெல்லாம் அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியவை. ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது. அது கிடைக்காதவரும் இதே வகுப்பைத்தான் எடுக்கிறார். அந்த மணி நேரத்துக்கு அவருக்கு ஊதியம் வேண்டும்.

ஆகவே பேராசிரியர் விரிவுரை நடத்தட்டும். விவாத மணி நேரத்தை, பயிற்சி பெற்ற ஆய்வு மாணவர் நடத்தட்டும். அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் பத்தை இதற்கு ஒதுக்கலாம். மாணவர் ஒரு நிலைப்பாடு எடுத்து, அதற்கு எதிரான வலுவான வாதத்தைத் தானே எழுதி, அதற்குப் பதிலும் சொல்லும் இரண்டு பக்கக் கட்டுரை போதும். ஆங்கில வழி வகுப்பானாலும் தமிழில் பேசவும் எழுதவும் விடுங்கள். நம் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்று சொல்பவர்கள், அவர்களைத் தமிழில் கேட்டுப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதனால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண் தாள் இருக்கிறது; சிக்கலான ஒரு சூழலைக் கொடுத்து, என்ன செய்வாய், ஏன் என்று கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே உதவாது. ஆனாலும் தேர்வுக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. சொத்துப் பிரிவினையிலும் கல்யாணப் பேச்சிலும் ஊர்க் கூட்டத்திலும் எதிராளி சொல்வதை முழுசாகக் கேட்டுப் பதில் சொல்லும் மனிதர்கள் இங்கே வேண்டும்.

ஜூனில் புதிய கல்வியாண்டு தொடங்கும் முன் பாடத்திட்டக் குழு கூடும்போது இதை ஒரு பொருளாக எடுங்கள். எல்லாக் கல்லூரியிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் ஒரு தாளுக்கு ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். அந்தப் பருவத்தில் ஏதாவது ஒரு வாரம் நீங்களும் வந்து வகுப்பில் உட்காருங்கள். கேள்விகள் உங்களிடமும் வரும்.

மதிப்புடன்,
மெய்யியல் முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர்