விழுந்த மரத்தை அறுக்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் பாயாக விரிந்து கிடந்தன. அப்படிப்பட்ட இடத்தில் உதவ வருகிறவர்களுக்கு நல்ல மனசு மட்டும் போதாது. இரு முனையும் எதன்மீதாவது தாங்கி, நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்தே அறுத்தால் வெட்டுவாய் மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். வேரோடு சாய்ந்த புளியமரத்தைத் தூரை ஒட்டி வெட்டும்போது வேர்க்குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது. பாரம் போனதும் தூர் மண்ணோடு நிமிர்ந்துவிடும். அறுந்த மின்கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பாதீர்கள். யாரோ வீட்டில் ஓட்டும் ஜெனரேட்டரே அதில் மின்சாரம் ஏற்றிவிடலாம். அறுத்த தென்னந்தண்டை அங்கேயே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அதில் பெருகும் வண்டு துளைத்து, பிழைத்த தென்னையின் குருத்தும் போகும்.

— வாசகர், பேராவூரணி