மூலம் என்று சொல்லும் முன் ஒரு நிமிடம்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வணக்கம்.

என் அப்பா 30 வருடம் பஸ் ஓட்டியவர். மலத்தில் ரத்தம் போனபோது எஞ்சின் சூடுதான் காரணம், டிரைவர்களுக்கெல்லாம் வருகிற மூலம்தான் என்று தானே முடிவு செய்துவிட்டார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கினார். துத்தி இலை, கருணைக்கிழங்கு, மோர் எல்லாம் நடந்தது. ரத்தம் நிற்கும், மறுபடி வரும். இரண்டு வருடம் இப்படியே போனது. அம்மாவுக்குத் தெரியும். மகளிடம் அதை எப்படிப் பேசுவது என்ற கூச்சத்தில் என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இடையில் ஒரு மருத்துவரைப் பார்த்தார். எட்டிக்கூடப் பார்க்காமல் மூலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர், உடம்பில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார். அறுபதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து சோகை வந்தால், ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். இது எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்ட பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே மருத்துவர் கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுச் சோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டி தட்டுப்பட்டது. மலக்குடல் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அதற்குப் பிறகு 11 மாதம் இருந்தார்.

தேசியத் திட்டத்தின் கீழ் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. நல்ல விஷயம். பெருங்குடலும் மலக்குடலும் அந்த மூன்றில் இல்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டறியும் கிட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் வீட்டுக்கே வருகிறது. அதை நான் இங்கே உடனே கேட்கவில்லை. நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளை விடக் குறைவு, உங்களுக்கு வேறு செலவுகளும் இருக்கின்றன.

நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிற சகோதரிகள் "மலத்தில் ரத்தம் போகிறதா, மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா?" என்றும் கேட்கட்டும். வெளியாள் கேட்டால் அப்பா சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆமாம் என்று சொல்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலால் சோதித்துவிட்டு அப்புறம் மூலம் என்று சொல்லட்டும். மேலே இருக்கும் கட்டி விரலுக்கு எட்டாது. அதனால் 40 வயதைத் தாண்டியவருக்கு ரத்தம் நிற்கவில்லை என்றால் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு அனுப்பட்டும்.

பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகள் 40 வயதிலாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். போன மாதம் நானும் போனேன். குடலின் உள்சுவரில் சின்னதாக ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்கூட ஆகுமாம். அப்பாவுக்கும் அவ்வளவு காலம் இருந்திருக்கும்.

பஸ் நிலையச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம்தான். பக்கத்திலேயே துறையின் பெயரில் ஒரு அறிவிப்பு எழுதுங்கள். டிப்போக்களில் முதலில் எழுதுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே வண்டி எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு டிரைவரின் மகள்